நித்திரை கொண்ட தங்கச்சி

லுஹர் தொழுகை முடிந்து சனம் சோறு தின்னும் நேரம் அது. அஸருக்குப் பாங்கு சொல்ல இன்னும் வெகுநேரம் இருந்தது. அந்த இடைவெளியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாய்ந்தமருதில் கடலுக்கு எட்டத்தில், பெருவீதிக்கு மேற்கே கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில், மர்ஷூதா குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைச் சட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தாள். அக்கம்பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா அறிவித்தல். சாய்ந்தமருதைப் பிறப்பிடமாகவும் நிந்தவூரை வசிப்பிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற உளவியல் விரிவுரையாளர்..."

'ஓய்வுபெற்ற' என்பது வரைக்கும் அது யாரோ ஒருவருடைய மௌத்து. அதற்கு அடுத்த சொல் வந்ததும் அவள் கையைச் சட்டியிலிருந்து எடுத்தாள். அவள் அறிய இந்தக் கரையில் அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்ல ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அறிவித்தவர் அவசரப்படாமல் படித்துக்கொண்டு போனார். அப்துல் ஸமட். மர்ஹூம் அச்சிமுகம்மதுவின் மகன். கமீலாவின் கணவர். மர்ஷூதாவின் அன்புச் சகோதரர்.

தன் பெயரை ஊருக்கெல்லாம் கேட்க ஒலிபெருக்கியில் சொல்லி அவள் கேட்டது அன்றைக்குத்தான். உள்ளறையில் மின்னேறிக்கொண்டிருந்த கைத்தொலைபேசியில் நிந்தவூரிலிருந்து வந்த அழைப்புகள் எடுக்கப்படாமல் கிடந்தன.

அடுத்த வீட்டுச் சபூறா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டபடி ஓடி வந்தாள்.

"மர்சு, ஆருகா சொல்றாங்க? ஒண்ட காக்காவா?"

"ஓம்."

"யா அல்லாஹ்! நல்லாத்தானே இருந்தாரு மனுசன்."

"மீன மூடணும் ராத்தா, பூன வரும்," என்றாள் மர்ஷூதா.

கணவன் முபாறக் சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலையாக இருந்தார். மகள் ஆகிலா மேலதிக வகுப்புக்குப் போயிருந்தாள். இருவருக்கும் சொல்லியனுப்பிவிட்டு, சபூறாவோடு ஓட்டோவில் ஏறினாள். காரைதீவைத் தாண்டும் வரை சபூறாதான் அழுதாள்.

"அழு புள்ள. அழுதாத்தான் ஆறும். ஒண்ட காக்காவும் அதத்தானே எல்லாருக்கும் சொல்ற."

"எல்லாருக்கும் சொன்னவருதான்," என்றாள் மர்ஷூதா.

வயல்வெளிக் காற்று ஓட்டோவுக்குள் அடித்தது. அவள் மனதுக்குள் ஒரு கேள்வி ஏறி உட்கார்ந்திருந்தது. அவளைப் பற்றி ஊரெல்லாம் பரப்பிவிட்ட ஒரு கதையைத் திருப்பி எடுத்துவிடுவதாகக் காக்கா சொல்லியிருந்தார். எடுத்தாரா, எடுக்காமலே போய்விட்டாரா? மௌத்து வீட்டுக்குப் போகிறவளின் மனதில் இருக்கக்கூடாத கேள்விதான். ஆனாலும் இருந்தது.

அப்துல் ஸமட் உளவியல் படிக்கப் போனது வீட்டில் யாரும் திட்டமிட்ட காரியமில்லை. அவருடைய வாப்பா அச்சிமுகம்மது கல்முனை பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். மகன் டொக்டராக வருவான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மருத்துவத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. மகன் கலைப்பீடத்துக்குப் பேராதனை போனார். அங்கே தத்துவத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த உளவியலில் பிடிபட்டுப்போனார்.

"மனசப் படிக்கிறானாமே மகன்? மனசப் படிச்சா ஆரு காக்கா சம்பளம் குடுப்பா?" என்று ஒருவர் கடையில் கேட்டார்.

"இந்தத் தேத்தண்ணிக்குச் சீனி போதுமா எண்டு என்ட மனசில இரிக்கிறத வந்து சொல்லுவானா?" என்றார் இன்னொருவர்.

"சீனி காணாது எண்டு ஒண்ட மூஞ்சியே சொல்லுது. அதுக்குப் பட்டம் வேணாம்," என்றார் வாப்பா.

சொன்னாரே தவிர, அந்தப் படிப்பு என்னவென்று கடைசிவரை அவருக்கும் விளங்கவில்லை. மகன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்த அன்றுதான் நிம்மதிப்பட்டார். வாத்தியார் என்றால் வாத்தியார்தான். ஊருக்கு விளங்குகிற உத்தியோகம்.

ஆனால் ஊர் அவரை வாத்தியாராக மட்டும் விட்டுவைக்கவில்லை. நிந்தவூரில் கமீலாவைக் கலியாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டில் குடியேறிய கொஞ்சக் காலத்திலேயே, விடிந்தால் வாசலில் ஆட்கள். பேய் பிடித்த மகள், படிக்காத மகன், குடிக்கிற மருமகன். "நான் டொக்டர் இல்ல உம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நான் கடிதம் தாறன்," என்று எல்லோருக்கும் ஒரே மறுமொழிதான். சிலர் கோபித்துக்கொண்டார்கள். "வைத்தியம் பாக்கத் தெரியாதவருக்கு என்னத்துக்கு இந்தப் படிப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'விசர் சேர்', பைத்தியக்கார சேர். அது தெரிந்த நாளிலிருந்து புதிய அணி வந்ததும் அவரே கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதிவிட்டு, "இனிக் களவாச் சொல்ல வேண்டியதில்ல," என்று வகுப்பைத் தொடங்குவார்.

வகுப்பில் அவர் முன்னால் நிற்பது குறைவு. கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டு, முன்னால் ஒரு மாணவனை விட்டு, அவன் அன்று காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டதைச் சொல்லச் சொல்லுவார். அவன் சொல்லி முடிந்ததும், அவன் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினான், எதைச் சொல்லாமல் தாண்டினான் என்று மற்றவர்கள் சொல்லவேண்டும். பாடப்புத்தகம் அதற்குப் பிறகுதான். சண்டைக் காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் முஸ்லிம் ஊருக்கும் முஸ்லிம் பிள்ளைகள் தமிழ் ஊருக்கும் போகப் பயந்த வருடங்களில், ஒரே பாடத்தைக் காலையில் ஓர் ஊரிலும் பின்னேரம் மற்ற ஊரிலும் நடத்தினார். சைக்கிளில்தான் போய்வந்தார். சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு அவர் கொண்டுபோகும் புத்தகத்தின் தலைப்பை வாசித்துக் காட்டிக்காட்டி அலுத்துப்போனது.

அவருக்குக் கொழும்பில் இடம் வந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வாகனமும் பெரிய பதவியும் தருவதாக வந்து நின்றன. அவர் போகவில்லை. "நான் ஒராளுக்கு வைத்தியம் பாத்தா அந்த ஒராளுக்குத்தான். ஒரு வாத்தியாருக்குச் சொல்லிக் குடுத்தா நாப்பது புள்ளைக்குப் போகும்," என்பது அவருடைய கணக்கு. கல்யாண வீட்டிலும் சொல்லுவார், பஸ்ஸிலும் சொல்லுவார். கமீலாவுக்கு அது மனப்பாடம்.

கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மர்ஷூதாவின் சீதன வீடு அப்போது கடற்கரை ஓரத்தில் இருந்தது. மகள் ஸுஹைறாவும் அவளுக்கு இளைய றஸ்மியும் குர்ஆன் மதரசாவுக்குப் போயிருந்தார்கள். மதரசா வீட்டைவிடக் கடலுக்குக் கிட்ட. ஆழ்கடலில் நின்ற முபாறக் தோணியோடு தப்பி வந்து கரையேறியபோது, தன் வீடு இருந்த இடம் எதுவென்றே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளையும் சனத்தோடு சனமாக அடக்கினார்கள். மர்ஷூதாவைச் சம்மாந்துறைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ஸமட் சேர் ஒவ்வொரு நாளும் முகாமுக்கு வந்தார். சோறு கொண்டுவந்தார், பால்மா கொண்டுவந்தார், கூடாரத்துக்குத் தறப்பாள் கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்து மச்சான் முபாறக்கோடு வீட்டு நட்டஈடு பற்றிக் கதைத்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. சொந்த இரத்தத்துக்கு உளவள ஆலோசனை சொல்லக்கூடாது என்பது அவர் படித்த ஒழுங்கு. அதற்காகத் தன் மாணவர்களை அனுப்பினார். அவசர அவசரமாக ஒரு கிழமை பயிற்சி கொடுத்து, சென்னையில் அச்சிட்ட நூலொன்றில் இருந்த கேள்விகளைப் பாடமாக்கி அனுப்பினார். "சொல்ல மாத்தாதீங்க. அச்சில உள்ளபடியே கேளுங்க. சொல் மாறினா அளவு மாறிடும்," என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்த ஒரு பகல் பொழுதில், குடையோடு வந்த ஒரு பெண்பிள்ளை மர்ஷூதாவின் முன்னால் குந்தியிருந்து கேட்டாள். அவள் கேட்டதற்கு மர்ஷூதா, "ஓம் மகள், ஒழுங்காத்தான் வருகுது," என்றாள். பிள்ளை எழும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

அந்த மறுமொழி ஸமட் சேருக்குப் போனது. தங்கச்சிக்கு நித்திரை ஒழுங்காக வருகிறதாம். அன்று இரவு அவர் நன்றிக்காக இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதார் என்று கமீலா பிறகு சொல்லியிருக்கிறாள்.

அந்த நிம்மதிதான் பிறகு பாடமானது. மனித மனம் எவ்வளவு உறுதியானது என்று சொல்ல வேண்டிய இடத்தில், வருடா வருடம் அவர் அந்த உதாரணத்தைச் சொன்னார். "என்ட சொந்தத் தங்கச்சி. ரெண்டு புள்ளையையும் கடலுக்குக் குடுத்தவ. ஒரு மாசத்துக்குள்ள நித்திரை கொண்டா. ஈமானும் மனசும் சேர்ந்தா அப்படித்தான்." சொல்லும்போது அவருடைய கண் கலங்கும். வகுப்பும் கலங்கும். படித்து வெளியேறிய ஆசிரியர்கள் அதை மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கொண்டுபோனார்கள். தாய்மார் கூட்டத்தில் சொன்னார்கள், மையத்து வீட்டில் ஆறுதலாகச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து நித்திரையில்லாமல் கிடந்தவர்களுக்கு, நித்திரை கொண்ட தங்கச்சியின் கதையைச் சொன்னார்கள்.

மர்ஷூதாவுக்கு அது தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. கடலுக்குப் பிறகு பிறந்த ஆகிலா பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம், பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஸமட் சேர்ட தங்கச்சி நீங்கதானே? உங்களப் பத்தி நாங்க படிச்சிரிக்கம்."

"என்னப் பத்தி என்னத்தப் படிச்சீங்க?"

ஆசிரியை சொன்னாள். மிகுந்த மரியாதையோடு சொன்னாள். பக்கத்தில் நின்ற தாய்மார் மர்ஷூதாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி, "எப்பிடித்தான் கண்ண மூடினீங்களோ தாயே," என்றாள். பாராட்டுத்தான். மர்ஷூதா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

காக்காவிடம் அவள் போய்க் கேட்கவில்லை. தான் சொல்லாத ஒன்றைத் தன் வாயிலிருந்து வந்ததாக அவர் சொல்லித் திரிகிறார் என்று மட்டும் விளங்கியது. ஏன் என்று விளங்கவில்லை. வகுப்புக்கு ஒரு கதை வேண்டுமென்று கட்டிவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். நிந்தவூருக்குப் போவது குறைந்தது. பெருநாளைக்குப் போனாலும் கமீலாவோடு இருந்துவிட்டு வந்துவிடுவாள். "ஒனக்கு என்னோட என்ன கோபம்?" என்று அவர் கேட்டால், "மனசப் படிச்சவரு நீங்கதானே, பாத்துச் சொல்லுங்க," என்பாள். அவர் சிரிப்பார். அது பகிடி இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் கல்லூரி அவரை விடவில்லை, அவரும் கல்லூரியை விடவில்லை. கிழமையில் சில நாட்கள் போய்ப் படிப்பித்தார். நெஞ்சில் குழாய் வைத்த பிறகும் போனார். சென்ற நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, சாய்ந்தமருதில் ஜும்மாத் தொழுதுவிட்டு, தங்கச்சியின் வீட்டுக்கு வந்தார். மர்ஷூதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"என்னகா இது, சுடுதண்ணியா?"

"மதினி சொல்லிட்டாங்க. உங்களுக்குச் சீனி குடுத்தா நிந்தவூர்ப் பக்கமே வரவேணாமாம் நான்."

"அவ சொன்னாக் கேப்பாய். நான் சொன்னா மட்டும் ஒண்டும் கேக்கமாட்டாய்."

"நீங்க என்ன சொன்னீங்க என்னட்ட? சொல்லவுமில்ல, கேக்கவுமில்ல." அவள் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். "உங்கட புள்ளைகள்தான் முகாமுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாங்க. அதுவும் ஒரு கேள்வியா காக்கா? துக்கம் ஒழுங்கா வருகுதாண்டு. அதென்ன கரண்டா, ஒழுங்கா வாறதுக்கு?"

அவர் கோப்பையை வைத்தார்.

"என்ன கேட்டாங்க எண்டாய்?"

"துக்கம் ஒழுங்கா வருகுதாண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓம் எண்டன். வேற என்ன சொல்ற? ரெண்டு புள்ளையும் போய் ஒரு மாசமில்ல."

"தூக்கம்," என்றார் அவர். "தூக்கம் எண்டு கேட்டிரிக்காங்க மர்சு."

"தூக்கம் எண்டா?"

"நித்திரை."

மர்ஷூதா அவரையே பார்த்தாள். வெளியே மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

"நித்திரைய நித்திரை எண்டு கேக்கத் தெரியாதா உங்கட காலேஜுக்கு?"

"தெரியும். நான்தான் மாத்தவேணாம் எண்டன்."

அதற்குப் பிறகு அவளுக்கு அடக்க முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். கல்யாண வீடுகளில் தன்னைக் காட்டிக் காட்டிக் கதைத்ததைச் சொன்னாள். "நித்திரை கொண்டவ எண்டு எனக்கு ஊர்ல பேர் காக்கா. புள்ளைகளக் குடுத்திட்டு நித்திரை கொண்டவ. ஒரு தாய்க்கு இதவிட என்ன பேர் வேணும்?"

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கதிரையை இழுத்து அவளுக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப கேக்கிறன். நித்திரை வந்ததா மர்சு?"

"இருவது வருசம் பிந்திட்டீங்க."

"ஓம், பிந்திட்டன். சொல்லு."

அவள் சொன்னாள். அன்று காலை றஸ்மி வயிற்றுவலி என்று மதரசாவுக்குப் போகமாட்டேன் என்று அழுததைச் சொன்னாள். பொய் சொல்கிறான் என்று அதட்டி, காதைத் திருகி, ராத்தா ஸுஹைறாவின் கையில் பிடித்துக் கொடுத்து அனுப்பியது தானே என்று சொன்னாள். கண்ணை மூடினால் தண்ணீர் வருவதில்லை, அந்தப் பிள்ளையின் முகம்தான் வருகிறது என்றாள். அந்த வயிற்றுவலி பொய்யா மெய்யா என்று பார்த்துப் பார்த்தே விடிந்துவிடுகிறது.

"உங்களட்ட இதைத்தான் கேக்க இருந்தன். பொய் சொல்ற புள்ளட முகம் எப்பிடி இரிக்கும்? படிச்சவருதானே நீங்க."

நூல்களில் இதற்கு மறுமொழி இருந்திருக்கலாம். அவர் அதைத் தேடவில்லை.

"வெளிக்கிட முந்தி திண்டவனா?"

"ஓம்."

"என்ன திண்டான்?"

"ரொட்டி. ரெண்டு. ராத்தாட பங்கிலயும் பாதி."

"பாதியுமா?"

"பாதியும். சம்பல் காணாது எண்டு சண்டை வேற."

சொல்லிவிட்டு அவள் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். "வயித்து வலிக்காரன்," என்றாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறி, குசினிக்குள் நின்ற ஆகிலா பயந்துபோய் வாசலில் வந்து நின்றாள். "ஒண்டுமில்ல மகள். ஒண்ட றஸ்மி காக்காட கதை," என்றார் மாமா.

போகும்போது செருப்பைப் போட்டபடி அவர் சொன்னார்: "அந்தக் கதைய நான் திருப்பி எடுக்கிறன்."

"எப்பிடி எடுப்பீங்க? ஒரு வாத்தியாருக்குச் சொன்னா நாப்பது புள்ளைக்குப் போகும் எண்டு கணக்குச் சொன்னவரு நீங்கதானே."

அவர் படலையைச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் வந்தார், போனார். அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

நிந்தவூர் வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள். லுஹருக்கு முந்திக் கொஞ்சம் சாய்ந்தவர், பாங்கு சொல்லியும் எழும்பவில்லை என்றார்கள். "நித்திரையிலேயே போயிட்டாரு, நல்ல மௌத்து," என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். மர்ஷூதா முகத்தைத் திறந்து பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். இன்னும் முழுதாகக் குளிரவில்லை. யாஸீன் ஓதும் பெண்களின் நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தாள். குளிப்பாட்டி, கபனிட்டு, மாலை மஃரிபுத் தொழுகையை அண்டி ஆண்கள் சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் தெருவால் தூரமாகப் போனது. பெண்கள் படலைக்கு உள்ளே நின்றார்கள். கமீலா, கணவனை இழந்த பெண் ஒதுங்கியிருக்கும் இத்தாவுக்கு, அறைக்குள் போனாள்.

அப்போதுதான் வெளிர்நிறச் சேலையில் ஒரு பெண் மர்ஷூதாவுக்குப் பக்கத்தில் வந்து கதிரையை இழுத்துப் போட்டாள். முன்தலையில் நரை.

"நீங்க மர்ஷூதா அக்காதானே? நான் சுஜித்தா. காரைதீவு. சேரிட்டப் படிச்சு இப்ப அங்கேயே படிப்பிக்கிறன்." கொஞ்சம் நிறுத்தினாள். "முகாமில உங்களிட்ட வந்து அந்தக் கேள்வியக் கேட்டது நான்தான் அக்கா."

மர்ஷூதா உற்றுப் பார்த்தாள். "குடையோட வந்த புள்ளையா?"

"ஓம். சேர் எனக்குத்தான் முதல் போன் எடுத்துச் சொன்னவர். பிழை உன்ட இல்ல, என்ட எண்டவர். எனக்கு அண்டைக்கு இருந்த இருப்பு..." அவள் கைக்குட்டையை மடித்தாள். "கடல் என்ட தம்பியையும் கொண்டுபோனதுதான். எனக்கு அப்ப நித்திரையே இல்ல. நீங்க ஒழுங்கா வருகுது எண்டு சொன்னோடன எனக்கு உங்களில பொறாமை அக்கா. இவ்வளவு காலமும் இருந்தது."

மர்ஷூதா அவளுடைய முழங்காலில் கையை வைத்தாள். "எனக்கும் இல்ல புள்ள," என்றாள். "ஒனக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே முழிச்சிருந்திரிக்கலாம்."

பிறகு மர்ஷூதா கேட்டாள்.

"முதல் ஒனக்கு எடுத்தவரு எண்டாயே. மறுகா ஆருக்கு?"

"எல்லாருக்கும் அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. சுஜித்தா சொன்னாள். பெருநாள் கழிந்ததிலிருந்து ஸமட் சேர் தன்னிடம் படித்தவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் சொன்ன உதாரணம் பிழை, என் தங்கச்சி நித்திரை கொள்ளவில்லை, கேள்வியைத்தான் பிழையாகக் கேட்டோம், இனி அதைச் சொல்லாதீர்கள், சொன்னவர்களிடம் திருத்திச் சொல்லுங்கள். இவ்வளவுதான் சொல்ல இருந்தது. சிலருக்கு அந்தப் பாடமே ஞாபகமில்லை. ஒருவர், "சேர், அது நல்ல கதைதானே, இருக்கட்டுமே, சனத்துக்கு உதவுது," என்று வாதாடினார். "நல்ல கதைதான். என்ட தங்கச்சிட கதை இல்ல," என்று சேர் சொன்னாராம்.

மர்ஷூதாவுக்கு ஆகிலாவின் பழைய வகுப்பாசிரியை ஞாபகம் வந்தாள். போன மாதம் சந்தையில் கண்டபோது ஒன்றும் கதைக்காமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். ஏதோ சுகமில்லை போலும் என்று அன்று நினைத்தாள்.

அறைக்குள்ளிருந்து கமீலாவின் குரல் வந்தது. அழுது அழுது கம்மிப்போன குரல்.

"ரெண்டு வார்த்தை சொல்ல எடுக்கிற போன்தான் மர்சு. அங்கால உள்ளவங்க விடுறயில்லயே. நம்மட கதையக் கேட்டோடன அவங்கட கதை வெளிய வரும். புருசன் போனது, புள்ள போனது, ஆருக்கும் சொல்லாததெல்லாம். இந்த மனுசன் கேட்டுக்கிட்டே இரிப்பாரு. சோறு ஆறிடும். அதாலதான் சுணங்கிட்டு. இல்லாட்டி முடிச்சிரிப்பாரு."

"எங்க மட்டும் வந்தவரு மதினி?"

கமீலா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. எந்த ஊர் வரைக்கும் வந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் ஆட்களை வருடப்படி எடுக்கவில்லை, பெயர்ப்படியும் எடுக்கவில்லை. சுஜித்தாவுக்குச் சொன்ன பிறகு, மருதமுனையில் தொடங்கி, பஸ் போகிற ஒழுங்கிலே ஊர் ஊராக இறங்கிப் போயிருந்தார். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை முடிந்து, அட்டாளைச்சேனையும் முடிந்திருந்தது. அன்று காலை அக்கரைப்பற்றில் முதலாவது ஆளுக்கு எடுத்தார். மணி அடித்தது, அந்த ஆள் வகுப்பில் நின்றதால் எடுக்கவில்லை. அக்கரைப்பற்றிலும், திருக்கோவிலிலும், பொத்துவிலிலும் இருப்பவர்களுக்கு இன்னும் சொல்லப்படவில்லை.